வெயிலுக்குக் காட்டன் என்றதோடு நிறுத்திவிடாதீர்கள்

வெயிலுக்கு எந்தத் துணி நல்லது என்று திருப்பூர் காதர்பேட்டையில் கேட்டாலும், ஈரோடு கனி மார்க்கெட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "காட்டன் எடுங்க, வெள்ளையா எடுங்க, மெல்லிசா எடுங்க." புழுக்கத்துக்கு அது சரி. ஆனால் தோல் கறுப்பது, கன்னத்தில் மங்கு விழுவது, முன்கையில் பொரிப்பொரியாக அரிப்பது என்று புற ஊதாக் கதிர் செய்யும் வேலைகளுக்கு அந்தப் பதில் உதவாது. நன்றாக வெளுத்த, மெல்லிய, வெள்ளைக் காட்டன்தான் அந்தக் கதிரை ஏராளமாக உள்ளே விடும் துணிகளில் ஒன்று. இத்தனை தறியும் நிட்டிங் மெஷினும் ஓடுகிற ஊரில் இது பேச்சில் அடிபடாமலே இருப்பது வேடிக்கைதான். கவுன்ட்டும் (நூலின் நம்பர்; அது ஏற ஏற நூல் மெலியும்) ஜி.எஸ்.எம்மும் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) தெரிந்தவருக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

முதலில் ஊரின் வெயிலைப் பற்றி. கொங்கு நாடு ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும். ஏப்ரலில் யாரும் ஏமாறுவதில்லை, சூடு சொல்லிவிடும். ஆனி, ஆடி, ஆவணியில்தான் ஏமாற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும்; பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் மத்தியானம்கூட வெயில் உறைக்காது. புற ஊதாவின் அளவுக்கும் காற்றின் குளிர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை அப்படியே கீழே விட்டுவிடும். ஊட்டி, வால்பாறை மேலே போனால் உயரம் 1000 மீட்டருக்குச் சுமார் பத்து சதம் என்று கூடிக்கொண்டே போகும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முகம் கறுத்து இறங்குவது அதனால்தான்.

துணி எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு யு.பி.எஃப். என்று ஓர் எண் உண்டு. பூசும் கிரீமுக்கு எஸ்.பி.எஃப். இருப்பதைப் போல. யு.பி.எஃப். 50 என்றால் மேலே விழும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதம், தோலுக்குப் போகிறது. 30 என்றால் 3.3 சதம். 15 என்றால் 6.7 சதம். 5 என்றால் 20 சதம். சாதாரண வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட் பெரும்பாலும் இந்த 5, 7, 8 என்ற பக்கத்தில்தான் நிற்கும். இதற்கென முதல் தரவிதி 1996இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து வெளியிட்ட 4399ஆம் எண் விதி. 2017இல் அதைத் திருத்தினார்கள். 15க்குக் கீழே இருந்தால் வெயில் காப்புத் துணி என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. ஐரோப்பிய விதி இன்னும் கறார்: 40க்கு மேல் இருக்க வேண்டும், அதோடு நீண்ட அலைப் புற ஊதா சராசரியாக 5 சதத்துக்குக் குறைவாகவே ஊடுருவ வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை ஏன் என்பது பாலியஸ்டர் பேச்சில் வரும்.

இனி துணிக்கு வருவோம். கதிர் இரண்டு வழியில் உள்ளே வருகிறது: நூலுக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக, அப்புறம் நூலையே ஊடுருவி. ஓட்டைக்குத்தான் முதல் இடம். நூல் முழுக்க இரும்பு மாதிரி தடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், துணியின் பரப்பில் 10 சதம் ஓட்டை இருந்தால் யு.பி.எஃப். 10ஐத் தாண்டவே தாண்டாது. 5 சதம் ஓட்டை என்றால் உச்சம் 20. ஐம்பது வேண்டுமானால் ஓட்டை 2 சதத்துக்குள் அடங்க வேண்டும். எந்தச் சாயமும் எந்த பினிஷும் இந்தக் கணக்கை மீற முடியாது, ஏனென்றால் ஓட்டையில் சாயம் ஒட்டாது.

தறிக்காரர்கள் இதைத் தாளில் போட்டே பார்க்கலாம். ஒரு நூலின் விட்டம் அங்குலத்தில் தோராயமாக, ஒன்றை 28ஆலும் கவுன்ட்டின் வர்க்க மூலத்தாலும் வகுத்தால் வரும். 60ஆம் நம்பருக்கு ஒரு அங்குலத்தில் 217 நூல் ஒட்டி ஒட்டி அடங்கும். இப்போது பாவும் ஊடையும் 60ஆம் நம்பரான 60க்கு 60 கேம்ப்ரிக், ரீட் (அங்குலத்துக்குப் பாவு நூல்) 92, பிக் (அங்குலத்துக்கு ஊடை நூல்) 88 எடுத்துக்கொள்ளுங்கள். பாவு 92ஐ 217ஆல் வகுத்தால் 0.42, ஊடை 88ஐ வகுத்தால் 0.41. இரண்டையும் கூட்டி, அவற்றின் பெருக்கலைக் கழித்தால் 0.66. அதாவது துணியின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வெறும் வெளி. இதையே 40க்கு 40, 132க்கு 72 பாப்ளினுக்குப் போட்டால் 0.85 வரும், ஓட்டை 15 சதம். ஜீன்ஸ் மாதிரி 7ஆம் நம்பர் நூலில் 68க்கு 44 போட்டால் 0.97. உண்மையில் நூல் உருண்டையாகவே நிற்பதில்லை. நசுங்கிப் படுக்கும், மேலே நிற்கும் பிசிறு ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும், துவைத்தால் சுருங்கும். அதனால் அசல் துணி இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். ஆனால் எந்தத் துணி எதைவிட மேல் என்ற வரிசை மாறாது. குழந்தைக்கு மல் துணியில் சட்டை தைத்துப் போட்டு, "காட்டன்தானுங்க, வெயில் ஏறாது" என்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும்.

பின்னலாடைக்கு ரீட், பிக் கிடையாது. கவுன்ட், லூப் லென்த் (ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் நீளம்), ஜி.எஸ்.எம். மூன்றும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. ஒரே 30ஆம் நம்பர் நூலில் லூப் லென்த்தைக் கூட்டினால் லூப் பெரிதாகி ஜி.எஸ்.எம். குறையும், துணி வலையாகும். மெல்லிய ஆர்.என். (வட்டக் கழுத்து) பனியன் துணி இந்தப் பட்டியலில் அடியில் இருக்கும். 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்ஸி (சாதாரண டி-ஷர்ட்டின் ஒற்றைப் பின்னல்) அதைவிட மேல். இன்டர்லாக் அதே எடையிலும் இன்னும் மேல், இரண்டு முகத்திலும் லூப் இருப்பதால் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று மறைக்கும். பிக்கே போலோ துணியைப் பார்த்தால் தடிப்பாகத் தெரியும், ஆனால் தேன்கூடு மாதிரி இருக்கும் பள்ளங்களில் துணி மெலிந்திருக்கும்; எடையைப் பார்த்து அதை மதிப்பிடக் கூடாது. மெஷ், ஐலெட் வைத்த ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்டில் அக்குளுக்குக் கீழே ஓட்டை வைத்தால் சரி. தோளிலும் முதுகிலும் வைத்துத் தைத்தால் அது வெயிலுக்கான உடுப்பே இல்லை.

ஜி.எஸ்.எம். பார்க்க ரவுண்டு கட்டர் இல்லாதவர்கள் 10க்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, நகைக்கடைத் தராசில் வைத்து, கிராமை 100ஆல் பெருக்கினால் சரி. வீட்டுத் தராசு முழு கிராம் மட்டும் காட்டும் என்றால் 50க்கு 20 சென்டிமீட்டர் துண்டாக வைத்து 10ஆல் பெருக்குங்கள்.

அடுத்து, ஓட்டையைப் பெரிதாக்கும் எதிரி: இழுவை. லைக்ரா கலந்த துணி சும்மா இருக்கும்போது லூப்கள் இறுகி நல்ல அடர்த்தியாக இருக்கும். மடித்து வைத்த கறுப்பு லெக்கின்ஸை ஆய்வகத்தில் அளந்தால் 50+ வந்தாலும் ஆச்சரியமில்லை. போட்டுக்கொண்டால் என்ன ஆகிறது? 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று நீளம் அகலம் இரண்டிலும் பத்தே சதம் இழுபட்டால் 100 சதுர சென்டிமீட்டர் 121 ஆகிவிடும். நூல் அதே நூல்தான், கூடின 21ம் ஓட்டை. 98 சதம் மூடியிருந்த துணி இப்போது 81 சதம்தான் மூடுகிறது, உச்ச யு.பி.எஃப். 50இலிருந்து 5க்கு இறங்கிவிடும். தரச் சோதனையோ இழுக்காத, காய்ந்த துணியில் செய்வது. டூவீலர் ஓட்டுகிறவர்களுக்கு சிக்னலில் விற்கிற கை உறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: மணிக்கட்டில் அடர்ந்த கறுப்பாக இருப்பது புஜத்துக்கு வரும்போது சாம்பல் நிறமாக வெளுத்துத் தெரியும். அது தோல் தெரிவது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் விஷயம் முடிந்தது. கடைக்காரர் "லூசா இருக்குமுங்க, நல்லா இருக்காது" என்பார். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இப்போது நூலை ஊடுருவி வரும் கதிர். பஞ்சு இயல்பில் சுத்த வெள்ளை இல்லை. அதில் இருக்கும் மெழுகும் இயற்கை நிறமியும் புற ஊதாவைக் கொஞ்சம் உறிஞ்சும். அதனால்தான் சோமனூர், பல்லடம் தறியிலிருந்து இறங்கும் காடாத் துணி, வெளுப்பதற்கு முன் வெயிலை நன்றாகவே தடுக்கும். அதைக் காஸ்டிக்கிலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் கொதிக்க வைத்து ஃபுல் பிளீச் செய்ததும் அந்த நிறமி போய்விடுகிறது. மிஞ்சும் சுத்தமான செல்லுலோஸ் புற ஊதாவை அவ்வளவாக உறிஞ்சாது, உள்ளே விட்டுவிடும். ஈரோடு, சித்தோடு பக்கத் தறிகளில் ஓடும் ரேயானும் செல்லுலோஸ்தான். வெள்ளையிலும் வெளிர் நிறத்திலும் அதற்கும் அதே பலவீனம். சட்டைக்குக் காடாவையே தேர்ந்தெடுக்கிற இப்போதைய பழக்கத்தை ஃபேஷன் என்று சிலர் கேலி செய்கிறார்கள். வெயில் கணக்கில் அது புத்திசாலித்தனம்.

வெளுத்த பிறகு போடும் ஒயிட்னர் இழந்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். டினோபால் வகைச் சரக்கு கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீல வெளிச்சமாக வெளியே விடுகிறது. சட்டை பளிச்சென்று தெரிவது அதனால்தான். சோப்புத் தூளிலும் அது இருப்பதால் துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் ஏறும். ஆனால் வெயிலில் தானும் அழிந்துகொண்டிருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது.

பாலியஸ்டரை நம் ஊரில் ஏளனமாகப் பார்ப்பார்கள். வெயில் விஷயத்தில் அது காட்டனைவிட ஒரு படி மேல். அதன் மூலக்கூறில் இருக்கும் பென்சீன் வளையம் குட்டை அலைப் புற ஊதாவை, தோலைச் சிவக்கச் செய்வதை, நன்றாக உறிஞ்சிவிடும். பளபளப்பைக் குறைக்க இழையில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் கூட நின்று தடுக்கும். அதனால் பளபள வகையைவிட ஃபுல் டல் இழை நல்லது. ஆனால் சுமார் 315 நானோமீட்டருக்கு மேற்பட்ட நீண்ட அலையைப் பாலியஸ்டர் தாராளமாக விடும். யு.பி.எஃப். கணக்கு தோல் சிவப்பதற்கே அதிக எடை கொடுப்பதால் எண் பெரிதாக வந்துவிடும், மங்கைக் கறுக்க வைக்கும் நீண்ட அலையோ உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஐரோப்பிய விதியின் 5 சத நிபந்தனை இதைப் பிடிக்கத்தான். மங்கு இருப்பவர்கள் வெளிர் நிறப் பாலியஸ்டரை நம்ப வேண்டாம். அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது என்பதால் அடர் நிறமே வழி. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு 67க்கு 33 டெரிகாட்டன் (67 சதம் பாலியஸ்டர், 33 சதம் காட்டன்), சுத்தக் காட்டன் பாப்ளினைவிட வெயிலைத் தடுக்கும். வியர்வையில் ஒட்டுகிறது என்ற புகாரும் நியாயம்தான். இரண்டில் எது வேண்டும் என்பது பிள்ளை மைதானத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

சாயம். இங்கேதான் குறைந்த செலவில் அதிக லாபம். அதே 150 ஜி.எஸ்.எம். ஜெர்ஸி வெள்ளையில் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்; கறுப்பு, நேவி, மெரூன் என்று அடர்த்தியாகச் சாயம் ஏற்றினால் 30, 50 என்று தாவும். நிறத்தின் பெயரைவிட ஷேட்டின் அழுத்தம் முக்கியம்: துணி எடையில் அரை சதம் சாயம் போட்ட வெளிர் நீலமும் நாலு சதம் போட்ட நேவியும் வேறு வேறு துணி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரோட்டுக்காரர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம்: மஞ்சளில் தோய்த்த துணி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த நிறம் வெயிலுக்கு நிற்காது. காய வைத்த கொடியிலேயே வெளுக்க ஆரம்பிக்கும்.

கறுப்பு சுடுமே என்ற கேள்வி வரும். ஒட்டித் தைத்தால் சுடும். தொளதொளவென்று தைத்து, கழுத்தும் கைமுனையும் காற்றுப் போகிற மாதிரி விட்டால், நம் ஊர்க் காற்றில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கறுப்புதான் வேண்டும் என்றில்லை, அடர் பச்சை, நேவி, பிரவுன் எதுவும் ஆகும்.

நனைந்தால்? வெள்ளைப் பனியன் வியர்வையில் நனைந்ததும் உள்ளே உடம்பு தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காய்ந்த துணியில் இழைகளுக்கு நடுவில் காற்று இருக்கும். இழையும் காற்றும் மாறி மாறி வருவதால் கதிர் சிதறும். தண்ணீர் அந்த இடத்தை நிரப்பினால் சிதறல் குறைந்து கதிர் நேராக உள்ளே இறங்கும். வாய்க்காலிலோ ஆழியாற்றிலோ பிள்ளைகள் வெள்ளை டி-ஷர்ட்டோடு குளித்தால் ஏற்கெனவே இருந்த 5, 7 இன்னும் இறங்கிவிடும். தண்ணீருக்கு அடர் நிறம்தான் போட வேண்டும்.

புதுக் காட்டனைவிட நாலைந்து தரம் துவைத்துச் சுருங்கிய காட்டன் மேல். சுருங்கினால் ஓட்டை சிறுக்கிறது. இது எத்தனை வருஷமும் தொடராது. தோளிலும் முதுகிலும் தேய்ந்து நூல் இளைத்த சட்டையை வீட்டில் போட வைத்துக்கொள்ளுங்கள், காட்டு வேலைக்கு வேண்டாம்.

யு.பி.எஃப். ஆர்டர் எடுக்கும் சின்ன யூனிட்டுகளுக்குக் கொஞ்சம். வழக்கமாகச் சொதப்புவது மூன்று இடத்தில். நேவிக்கு எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அதே ஸ்டைலில் ஸ்கை ப்ளூவையும் அனுப்புவது; ஒவ்வொரு ஷேட்டுக்கும் தனிச் சோதனை வேண்டும், குறைந்தது ஆக வெளிறிய ஷேட்டுக்காவது. இரண்டாவது, சாம்பிள் துணியைக் காம்பாக்டிங்கில் (துணியை அமுக்கிச் சுருக்கும் மெஷினில்) நன்றாக இறுக்கி அனுப்பிவிட்டு, பல்க்கில், அதாவது மொத்த உற்பத்தியில், டயாவை (துணியின் அகலத்தை) கூட்டி விடுவது. அகலம் கூடினால் ஜி.எஸ்.எம். இறங்கும், ஓட்டை திறக்கும். லைக்ரா துணியைச் சூட்டில் நிலைநிறுத்தும் ஹீட் செட்டிங் அகலத்தை ஸ்டென்டர் மெஷினில் இஷ்டத்துக்கு மாற்றினாலும் இதே கதை. மூன்றாவது, புற ஊதா உறிஞ்சும் சரக்கைக் காட்டனுக்கு பினிஷிங்கில் சும்மா தோய்த்து விடுவது. ரியாக்டிவ் சாயம் மாதிரி நாரோடு பிணையும் வகையாக இல்லாவிட்டால், அல்லது பைண்டரோடு (ஒட்டவைக்கும் சரக்கோடு) சூட்டில் சரியாக க்யூர் ஆகி இறுகாவிட்டால், சில துவைப்பில் கழன்றுவிடும். பாலியஸ்டருக்கு அதற்கேற்ற சரக்கை டிஸ்பர்ஸ் சாயத்தோடு சேர்த்து 130 டிகிரியில் உள்ளே ஏற்றுவது நிற்கும். துவைப்புக்கு முன்னும் பின்னும் அளந்த எண் கையில் இருக்கட்டும். அளவை 290 முதல் 400 நானோமீட்டர் வரை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் எடுத்து, துண்டுக்குத் துண்டு வரும் வேறுபாட்டைக் கழித்து, கீழே உள்ள படிக்கு இறக்கி முழுமைப்படுத்துவார்கள். 33 வந்தால் 30தான். விளிம்பில் நிற்கும் துணிக்கு லேபிள் அடிக்காதீர்கள்.

ஆய்வகம் இல்லாத வீட்டுக்கு: துணியை ஒற்றையாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டைகள் தனித்தனியாகப் புள்ளியாகத் தெரிந்தால் வெயிலுக்கு ஆகாது. தெரியாவிட்டால் பாதி பாஸ். இன்னொன்று, கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கு. அதன் அடியில் 500 ரூபாய் நோட்டை வைத்தால் வரிசை எண் ஒளிரும். நோட்டின் மேல் துணியைப் போட்டு, துணி வழியே அந்த எண் இன்னும் ஒளிர்கிறதா என்று பாருங்கள். ஒளிர்ந்தால் நீண்ட அலைக் கதிர் ஊடுருவுகிறது. ஒயிட்னர் போட்ட வெள்ளைத் துணியில் இந்தச் சோதனை வேண்டாம், துணியே நீலமாக ஒளிர்ந்து குழப்பும். விளக்கை நேராகக் கண்ணில் பார்க்கவும் கூடாது. எண் எதுவும் இதில் கிடைக்காது, இரண்டு துணியை ஒப்பிடத்தான் உதவும்.

மஞ்சள் வெட்டுக்கும் களை எடுப்புக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது அருமையான ஏற்பாடு. அந்தச் சட்டை அடர் நிறமாக, நெருக்கமான நெசவாக இருந்தால் போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வெண்புள்ளி இருப்பவர்கள், டாக்ஸிசைக்ளின் மாதிரி வெயில் ஒவ்வாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள், லூபஸ் நோயாளிகள் மட்டும் யு.பி.எஃப். 50+ என்று லேபிள் உள்ள உடுப்பையே தேடலாம்.

தலைக்குக் கட்டும் ஈரிழைத் துண்டு ஒற்றையாகப் போட்டால் சல்லடைதான். அடுக்குக் கணக்கு நமக்குச் சாதகம்: ஓர் அடுக்கு 20 சதம் விட்டால், இரண்டாவது அடுக்கு அந்த இருபதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் விடும், ஆக 4 சதம். யு.பி.எஃப். 5 துண்டு மடித்ததும் 25 பக்கம் வந்துவிடுகிறது. தேங்காய்ப்பூத் துண்டு என்றால் ஒற்றையே தேவலை, ஆனால் வியர்த்தால் கனத்துப்போகும். ஈரிழையை இரண்டாக மடித்து உருமால் கட்டி, ஒரு முனையைப் பின்கழுத்தில் சட்டைக் காலர் வரை இறங்க விடுங்கள். குனிந்து வேலை செய்யும்போது வெயில் முதலில் விழுவது அங்கேதான்.